இடது பெட்டியின் சாவியும் முனியப்பன் உண்டியலும்

என் பைக்குக்குச் சாமான் வைக்கும் மூன்று பெட்டிகள் மாட்டி நான்கு மாதமாகிறது. லடாக் போவதாகத் திட்டம். திட்டம் இன்னமும் இருக்கிறது, லீவுதான் இல்லை. அதனால் அந்தப் பெட்டிகளின் கன்னிப் பயணம் சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து மோகனூருக்கு என்று ஆகிவிட்டது. வழியில் ராசிபுரம், நாமக்கல். ஒழுங்காகப் போனால் எண்பது கிலோமீட்டருக்குள் முடிந்திருக்கும். நான் போனது நூற்றுப் பத்து. பெட்டி மாட்டிக்கொண்டு கிளம்பப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

என் மனைவி சுமதியின் தம்பி பிரபுவுக்கு மோகனூரில் நிச்சயம். ஆவணி மாதம், புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்கு முன் நாங்கள் கொண்டுபோகும் பட்டைப் பெண் உடுத்திக்கொண்டு வந்து சபையில் உட்கார வேண்டும். அந்தப் பட்டு ராசிபுரத்தில் ஒரு தறிக்காரர் வீட்டில் இருந்தது. குஞ்சம் கட்டி முடிக்கத் தாமதமாகிவிட்டதால் அன்று காலையில்தான் கிடைக்கும். கார்கள் எல்லாம் தட்டுகளையும் சொந்தக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு நேராக மோகனூர் போகின்றன, பட்டை யார் வாங்கி வருவது என்று பேச்சு வந்தபோது, கேள்வி முடிவதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன்.

“மழை கொட்டினாலும் ஒரு சொட்டு உள்ள போகாதுங்க. கடப்பாரை போட்டாலும் தெறக்காது” என்றேன் மாமனாரிடம். பெட்டியை விற்றவர் என்னிடம் அப்படித்தான் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை என்பதை அன்றே தெரிந்துகொண்டேன்.

இங்கே என் சாவி ஏற்பாட்டைச் சொல்லியாக வேண்டும். மூன்று பெட்டிகளையும் வெவ்வேறு சமயத்தில் வாங்கியதால் மூன்றுக்கும் தனித்தனிச் சாவி. எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் கோத்து, அது தொலைந்தால் மொத்தமும் போச்சு. ஆகவே பிரித்து வைப்பதே புத்திசாலித்தனம் என்பது என் கொள்கை. பின்பெட்டிச் சாவிக்குப் பச்சை நூல், வலது பெட்டிக்குச் சிவப்பு, இடது பெட்டிக்கு மஞ்சள். பச்சையும் சிவப்பும் என்னிடம், மஞ்சள் சுமதியிடம். மாற்றுச் சாவிகள் மூன்றும் வீட்டில், சாமி அலமாரியில், ஒரு குங்கும டப்பாவுக்குள். இதை நான் சுமதிக்குப் படம் வரைந்து விளக்கியிருக்கிறேன். அவள் அந்தப் படத்தின் பின்பக்கம் மளிகைச் சாமான் எழுதிவிட்டாள்.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். கொண்டலாம்பட்டி தாண்டியதும் ரோடு வெண்ணெய். இரு சக்கர வண்டிக்குச் சுங்கம் கிடையாது. ஏழே காலுக்கு ராசிபுரம். அரக்கு நிறத்தில் பச்சைக் கரை போட்ட பட்டு. தறிக்காரர் அதைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு, நான் இடது பெட்டியைத் திறந்து மூடுவதை வேடிக்கை பார்த்தார். மூடித் தட்டினால் தானாகவே பூட்டிக்கொள்ளும் பெட்டி அது. “பேங்க் லாக்கராட்டம் இருக்குதுங்களே” என்றார். நான் ஒரு சுற்றுப் பெருத்தேன். சுமதி மஞ்சள் நூல் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். ராசிபுரத்துக்கு வந்துவிட்டு நெய் வாங்காமல் போக முடியாது என்பதால் அரைக் கிலோ வாங்கிப் பின்பெட்டியில் வைத்தேன்.

புதுச்சத்திரம் தாண்டியதும் சுமதி என் தோளைத் தட்டினாள். ரோட்டோரம் ஒரு முனியப்பன் கோயில். அந்தப் பக்கம் போகிற லாரிக்காரர்கள் நிறுத்திச் சூடம் கொளுத்தி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுத்தான் போவார்கள். அதைவிட முக்கியம், சாமிக்கு முன்னால் இருக்கும் கம்பி வேலி. அதில் கம்பியே தெரியாத அளவுக்குப் பூட்டுகள். யாருடைய தொல்லையாவது அடங்க வேண்டும் என்றால் புதுப் பூட்டு வாங்கி, வேண்டிக்கொண்டு வேலியில் பூட்டிவிட்டுச் சாவியை உண்டியலில் போட்டுவிட வேண்டும். அதற்குமேல் அது முனியப்பன் பொறுப்பு.

சுமதிக்கு அடக்க வேண்டியிருந்தது தங்கம் அத்தையின் வாயை. மாமனாரின் அக்கா. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. மனசு தங்கம், ஆனால் வாய்க்கும் மனசுக்கும் நடுவில் கதவே கிடையாது. பிரபுவுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் கைகூடி வந்து முறிந்தது. முதல் இடத்தில் அத்தை காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, “இது ஊட்டுப் பாலுங்களா, பாக்கெட்டுங்களா?” என்றார். பத்து மாடு வைத்திருந்த குடும்பம் அது. இரண்டாவது இடத்தில் பெண்ணின் அப்பா விற்ற நிலத்தைப் பற்றி, விற்றவருக்கே தெரியாத விவரங்களைச் சபையில் சொன்னார். பிரபுவுக்கு முப்பத்துநான்கு வயது. “இதும் போச்சுன்னா நா இனிப் பொண்ணே பாக்கமாட்டேங்க்கா” என்று முதல் நாள் போனில் அழாத குறையாகச் சொல்லியிருந்தான். நல்ல பையன். அவன் அப்படிச் சொன்னது எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

“நீங்களும் வாங்க” என்றாள் சுமதி. பெட்டியில் பட்டு இருக்கும்போது வண்டியை விட்டு நகரக் கூடாது என்று சொல்லிவிட்டு நான் காவலுக்கு நின்றேன். அவள் மட்டும் போய்க் கடையில் நூற்றிருபது ரூபாய்க்குப் பூட்டு வாங்கி, வேண்டிக்கொண்டு பூட்டிவிட்டு, முகமெல்லாம் நிம்மதியாகத் திரும்பி வந்தாள்.

எட்டு முக்காலுக்கு நாமக்கல். இருவருக்கும் டிபன் நூற்று நாற்பது ரூபாய். பெண்ணுக்கு நான்கு முழம் மல்லிகை வாங்கி, பட்டோடு வைக்கலாம் என்று சுமதி கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த சாவியை இடது பெட்டியில் நுழைத்தேன். பாதிக்குமேல் போகவில்லை. தூசி என்று ஊதினேன். எண்ணெய் விட்டால் சரியாகும் என்று தோன்றியது. எண்ணெய் இல்லை, நெய் இருந்தது. ஒரு விரல் நெய்யைத் துவாரத்தில் தடவினேன். பூட்டு கமகமவென்று மணத்தது, திறக்கவில்லை. அப்போதுதான் சாவியைத் திருப்பிப் பார்த்தேன். அதில் வேறு ஏதோ பூட்டுக் கம்பெனியின் முத்திரை.

“கோயில் கடையில பூட்டோட சாவிய எப்படிக் குடுத்தாங்க?”

“மஞ்சக் கயித்துல கட்டிங்க” என்றாள் சுமதி. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது.

அந்தப் பக்கத்துக் கோயில் கடைகளில் எந்தப் பொருளுக்கும் மஞ்சள் கயிறுதான் கட்டுவார்கள் என்பது என் படத்தில் இல்லை. கைப்பையில் ஒரே மாதிரி இரண்டு மஞ்சள் நூல் சாவிகள். ஒன்று முனியப்பனுக்குப் போய்விட்டது. அது எங்களுடையது.

முதலில் பக்கத்தில் இருந்த லாரி பாடி கட்டும் பட்டறைக்குப் போனோம். வெல்டர் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். “கேஸ் கட்டர் வெச்சா அஞ்சே நிமிசங்க.”

“உள்ள பட்டுப் பொடவ இருக்குதுங்க” என்றாள் சுமதி.

“அப்பொ மூணு நிமிசத்துல நிறுத்திக்கலாங்க” என்றார் அவர். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். கும்பிட்டுவிட்டு வந்தோம்.

வந்த வழியே மறுபடி கோயில். பூசாரி பொறுமையாகக் கேட்டார். சின்னக் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி விடலாமா என்று நான் கேட்டதும் முகம் மாறியது.

“ஏனுங்க, உண்டியல்ல உழுந்தது சாமிதுங்க. ஆபீசருங்க வந்துதான் தொறப்பாங்க. ஆமா, அந்தப் பூட்டோட சாவி இப்ப எங்கீங்க?”

சுமதி கையை விரித்துக் காட்டினாள்.

“அய்யய்யோ! சாவி உங்க கையில இருந்தா வேண்டுதல் எப்படீங்க நிக்கும்? அதையும் போட்டுருங்க சாமி.”

நான் தடுப்பதற்குள் அதுவும் டங்கென்று உள்ளே விழுந்தது. வாங்கப் போனது ஒரு சாவி, கொடுத்துவிட்டு வந்தது இன்னொன்று.

மீதி இருந்தது குங்கும டப்பா. எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அவசரத்துக்கு என்று இன்னொருவரிடம் இருக்கிறது. அவர் சேலத்தை விட்டு இன்னும் கிளம்பாத ஒரே ஆள். புடவைக்கு இஸ்திரி போடாமல் காரில் ஏற மாட்டார். தங்கம் அத்தை.

சுமதி முனியப்பனைப் பார்த்தாள். முனியப்பன் எங்களைப் பார்க்கவில்லை. போனை எடுத்தாள்.

“அத்தை, பொட்டிச் சாவி தொலஞ்சுபோச்சுங்க. எங்க ஊட்டுச் சாமி அலமாரியில குங்கும டப்பா இருக்குது, எடுத்துட்டு வாரீங்களா?”

“எங்க கண்ணு தொலச்சே?”

“வழியிலதானுங்க.”

“வழியிலயா? சரி, வாரேன். பொடவ கட்டிட்டேன், கெளம்பிட்டேன்.”

“எங்கயும் நிக்காம வந்துருங்கத்தை” என்றாள் சுமதி. அத்தையிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

பதினொன்று ஆக ஐந்து நிமிடம் இருக்கும்போது மோகனூர் போய்ச் சேர்ந்தோம். காவிரிப் பக்கமிருந்து நல்ல காற்று. எனக்கு மட்டும் வியர்த்தது. பெண் வீட்டுப் பந்தலில் சபை கூடியிருந்தது. பந்தல் வாசலில் என் வண்டியைச் சுற்றி இன்னொரு சபை. ஒருவர் தட்டிப் பார்த்தார், ஒருவர் ஆட்டிப் பார்த்தார். பிரபு பட்டு வேட்டியோடு வந்து கார் ஜாக்கியின் கம்பியைப் போட்டு நெம்பினான். கம்பி வளைந்தது. பெட்டியை விற்றவர் வாக்குத் தவறாதவர். பெண்ணின் அப்பா வந்து, “பட்டுத் தட்டு இன்னும் வரலீங்களா?” என்று மரியாதையாகக் கேட்டார். “வந்துருச்சுங்க, உள்ள இருக்குதுங்க” என்றேன். அது உண்மைதான்.

“மாமா, தெறக்குங்களா?” என்றான் பிரபு. முகம் வெளுத்திருந்தது. இந்தப் பெட்டியே வேண்டாம், என் ஊர்சுற்றலும் வேண்டாம், இவனுக்குக் கல்யாணம் ஆனால் போதும் என்று அந்த நிமிடம் மனதாரத் தோன்றியது.

பதினொன்றே முக்காலுக்கு அத்தையின் வாடகைக் கார் வந்தது. அத்தை குங்கும டப்பாவை ஏந்திக்கொண்டு, நெற்றியில் புதிதாகத் திருநீற்றோடு இறங்கினார். அந்தத் திருநீற்றைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. முனியப்பன் கோயிலில் நிறுத்தாமல் போகும் டிரைவர் அந்த ரோட்டில் ஒருவரும் கிடையாது என்பதை மறந்துவிட்டோம்.

“பூசாரி எல்லாஞ் சொன்னாருங்க” என்றார் அத்தை, பெண் வீட்டார் உட்பட எல்லாரும் கேட்கும்படி. “மூணு பொட்டி வெச்ச பைக்கு, உண்டியல்ல சாவி. ஏஞ் சுமதி, பூட்டுப் போட்டியாமே? யாரு வாய்க்குடி போட்டே?”

பிரபு கண்ணை மூடிக்கொண்டான். சுமதி ஒரே ஒரு மூச்சு இழுத்தாள். பிறகு கையை நீட்டி என்னைக் காட்டினாள்.

“இவரு வாய்க்குத்தானுங்கத்தை. பொட்டி, பூட்டு, சாவின்னு நாலு மாசமா ஊட்டுல இதே பேச்சு. என்னால முடியலீங்க.”

நான் வாயைத் திறந்தேன். பிரபுவைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன்.

அத்தை சிரித்த சிரிப்பில் பெண்ணின் அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சாவி போட்டதும் பெட்டி திறந்தது. என் விரலெல்லாம் நெய் என்பதால் பட்டைத் தொட விடாமல் சுமதியே எடுத்தாள். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பெண் அரக்குப் பட்டில் வந்து உட்கார்ந்தாள். பிரபு என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கையிலும் நெய் ஒட்டியது.

அதன்பின் அத்தை ஓயவில்லை. நெய் தடவிய கதை, வெல்டர் கதை, இரண்டாவது சாவியும் போன கதை எல்லாவற்றையும் சுமதியிடம் துருவிக் கேட்டு வரிசைக்கு வரிசை சொன்னார். காபி வந்தது. அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளருக்குள் உற்றுப் பார்த்தார். எங்கள் பக்கம் மொத்தமும் மூச்சுவிடவில்லை. அத்தை என் பக்கம் திரும்பி, “ஏனுங் மாப்ள, இந்த டம்ளருக்குப் பூட்டு ஒண்ணும் இல்லீங்களா?” என்றார். பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு வழியில்லை.

பயணம் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது அதிகமில்லை. மூன்று பெட்டிக்கும் ஒரே சாவி வரும்படி பூட்டை மாற்றிக்கொள்ளுங்கள், நான் மாற்றிவிட்டேன். மாற்றுச் சாவியை வீட்டில் வைத்துவிட்டு எண்பது கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்காதீர்கள், கூட வருபவரின் கழுத்துச் சங்கிலியில் கோத்துவிடுங்கள். அடையாளத்துக்கு நூல் கட்டினால் மஞ்சளைத் தவிர வேறு எந்த நிறமும் கட்டலாம். பூட்டில் நெய் தடவாதீர்கள், இன்னும் எறும்பு வருகிறது. ராசிபுரம் வழி ரோடு அருமை, காலையில் போங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. மூன்றரை மணிக்குக் கிளம்பும்போது சுமதி உள்ளே சொல்லிக்கொண்டு வரப் போயிருந்தாள். அத்தை தனியாக என் வண்டியருகே வந்து இடது பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

“மாப்ள, அந்தப் புள்ள ‘எங்கத்த வாய அடச்சுரு சாமி’ன்னு சத்தமாத்தான் வேண்டுச்சாம். பூசாரி அதையுஞ் சொன்னாருங்க.”

நான் பூட்டில் மிச்சமிருந்த நெய்யைத் துடைக்க ஆரம்பித்தேன்.

“பயலுக்குக் கல்யாணம் ஆவோணுமில்லீங்களா. ஆனா சும்மா குந்தியிருந்தா எனக்கு வாய் நமநமங்குதுங்க. அதான் உங்களப் புடிச்சுக்கிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. அவகிட்டச் சொல்லீராதீங்க, வெசனப்படும்.”

சொல்லவில்லை. தை மாதம் கல்யாணம். அன்றைக்கும் அத்தைக்குப் பேச ஏதாவது வேண்டும் என்பதால், மூன்று பெட்டியையும் மாட்டிக்கொண்டுதான் போகப்போகிறேன்.