நிமலன் சிறையில் பழகிய முடிவெட்டு

அல்லைப்பிட்டி நிமலன், மீன்வலைத் தகராறு ஒன்றில் ஒருவரைக் கத்தியால் குத்தி மூன்று வருடம் சிறையில் இருந்தவன். குத்துப்பட்டவர் பிழைத்துவிட்டார். சிறையில் முடிவெட்டப் பழகி வந்து, கரம்பொன் சந்தியில் கதிர்காமுவின் கடையை வாடகைக்கு எடுத்துச் சலூன் திறந்தான். சனம் வந்தது, வாங்குப் பலகையில் உட்கார்ந்து பேப்பர் படித்தது, முடிவெட்டும் கதிரையில் மட்டும் ஏறவில்லை. மாதம் முடிந்ததும் கடையைப் போன் திருத்துகிற ஒருவருக்குக் கொடுக்கப்போவதாகக் கதிர்காமு சொல்லிவிட்டார்.

மாதக் கடைசியில் நான் சனசமூக நிலையத்தில் சிறைச் சீர்திருத்தம் பற்றிப் பேசினேன். தண்டனை முடிந்து வந்தவனை ஊர் மறுபடி தண்டிக்கக் கூடாது என்றேன். தத்துவப் புத்தகங்களில் நான் கோடிட்டு வைத்திருந்ததெல்லாம் வாயில் வந்தது. கேட்டவர்களில் ஒருவன் அதை நம்புவான் என்றுமட்டும் நான் நினைக்கவில்லை.

"நல்லாச் சொன்னியள் மாஸ்ரர்," என்றான் நிமலன். "நாளைக்கு வந்து கதிரையில இருங்கோ. உங்களைப் பாத்து மற்றவையும் வருவினம்."

போனேன். கத்தரிக்கோல் காதருகே வந்ததும், மனித சுதந்திரம் பற்றி அவசரமாகக் கதைக்கத் தொடங்கினேன்.

"கதைக்கேக்க தலை ஆடுது மாஸ்ரர். வெட்ட ஏலாது."

வாயை மூடினேன். வாங்கில் இருந்தவர்கள் பேப்பரைத் தாழ்த்தி என் கழுத்தையே பார்த்தார்கள். ஒன்றும் நடக்காதது அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

கண்ணாடியைப் பார்த்தபோதுதான் விளங்கியது. நிமலனுக்குத் தெரிந்தது ஒரேயொரு வெட்டு, கைதிகளுக்கு ஒட்ட வெட்டுவது. வெட்டு நல்லதென்று சொல்லமாட்டேன்.

வீட்டில் மனைவி கேதீஸ்வரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களை எப்ப விட்டவங்கள்?"

தொப்பியைத் தேடினேன். தொப்பி போட்டால் நிமலனின் கடை போகும். போடாவிட்டால் என் மரியாதை போகும். எதையும் ஆழமாகச் சிந்திக்கிறவன் என்பதால், முடிவெடுக்க வெட்கப்படும் அளவுக்கு நேரம் பிடித்தது. அடுத்த நாள் வெறுந்தலையோடு சந்திக்குப் போனேன்.

கடையைப் பூட்டித் திறப்பை வாங்கிப்போகக் கதிர்காமு வந்திருந்தார். வைகாசி வெயிலில் வியர்த்து வழிந்தபடி என் தலையைச் சுற்றிவந்து பார்த்தார்.

"ஆர் பாத்த வேலை?"

"நிமலன். பாரும் கதிர்காமு, தண்டனை முடிந்து வந்த ஒருவனை..."

"அதை விடும். காத்துப் படுதோ?"

"ஓம், நல்லாப் படுது."

அவர் பிடரியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதிரையில் ஏறினார். நிமலன் திறப்பை நீட்டினான்.

"அது உன்னட்டையே கிடக்கட்டும். முதல்ல வெட்டு. மாஸ்ரரை விட இன்னும் ஒட்ட."