கொலைகாரன் யாரென்று தெரியாமல் வந்த இருவர்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வெள்ளையக்கா என்று பெயர். அவள் கைபட்ட விரிப்பில் கறை தங்காது என்று நர்சுகள் வைத்த பெயர் அது. ரத்தம் தோய்ந்த விரிப்பு வந்தால், தண்ணீரில் முக்குவதற்கு முன், "யார் பெத்த பிள்ளையோ, ஆண்டவனே பார்த்துக்கோ" என்று உதட்டுக்குள் முணுமுணுப்பாள். அப்புறம்தான் சோப்பு.

அவள் புருஷன் லாரிக்காரர். இந்தி பேசுகிறவர்களோடு வருஷக்கணக்கில் வண்டி ஓட்டியவர். அந்தப் பாஷை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. சர்க்கரை வியாதி இரண்டு கண்ணையும் கொண்டுபோன பிறகு மனுஷர் வாசற்படி தாண்டவில்லை. கட்டிலே கதி என்று கிடந்தார். நடக்கச் சொல்லி டாக்டர் அதட்டினார், மகள் போனில் கெஞ்சினாள். "யார் மேல போய் முட்டிக்கிறதுக்கு?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

தெருமுனைத் தியேட்டருக்கு ஒரு இந்திக் கொலைப்படம் வந்தது. அவருக்கு ஒரு காலத்தில் அந்த மாதிரிப் படம் என்றால் உயிர். போகலாமா என்று பயந்துகொண்டேதான் கேட்டாள்.

"கண்ணு கெட்ட பிறகு சினிமாவா?" என்று சிரித்தார். பிறகு என்ன தோன்றியதோ, "சரி, ஒரே தடவை வர்றேன். வீணாப்போச்சுன்னா இனிமே என்னை யாரும் வெளியே கூப்பிடக் கூடாது" என்றார்.

பின்வரிசை ஓரத்தில் உட்கார்ந்தார்கள். திரைக்கு அடியில் தமிழ் எழுத்து ஓடியது. ஐந்தாவதோடு நின்ற படிப்பு அவளுக்கு. முதல் வார்த்தையைக் கூட்டி முடிப்பதற்குள் மொத்த வரியும் ஓடிவிட்டது. அதனால் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பேச்சை அவர் சொன்னார், காட்சியை அவள் சொன்னாள். பெரிய பங்களா, மாடிப்படியில் செத்துக் கிடக்கும் எஜமானி, சந்தேகத்தில் புருஷன், புருஷனின் தம்பி, சமையல்காரி.

"இந்தத் தம்பிக்காரன் புளுகுறான். எச்சிலை முழுங்கிட்டு முழுங்கிட்டுப் பேசுறான் பாரு" என்றார் லாரிக்காரர்.

"மூஞ்சியும் பால் குடிச்ச பூனை மாதிரிதான் இருக்கு."

முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார். அவள் கைகூப்பினாள், புருஷன் நிறுத்தவே இல்லை.

கடைசிக் காட்சியில் ஒரு வார்த்தை பேச்சில்லை. காற்றும் காலடியும் மட்டும். இருட்டில் ஒரு கை கத்தியைத் தூக்க, வெள்ளையக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஜனம் எழுந்துகொண்டிருந்தது.

"யாரு?" என்று கேட்டார் அவர்.

தம்பிதான் என்று சொல்லிவிடலாம். அவர் நினைத்ததும் அதைத்தானே. முகம் மலர்ந்துபோகும், நாளைக்கே இன்னொரு இடத்துக்குக் கூப்பிட்டாலும் வருவார். வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் அவருக்கு இனி உலகம் என்பதே இவள் சொல்வதுதான். அதில் ஒரு பொய் கலந்துவிட்டால், நாளைக்கு இங்கே பள்ளம், இங்கே படி என்று சொல்லும்போது எதை நம்பிக் காலை எடுத்துவைப்பார்?

"தெரியலைங்க. பயத்துல கண்ணை மூடிட்டேன்."

அவர் எழுந்து கையை நீட்டினார். கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள். எல்லாம் போச்சு என்று நினைத்தாள். வழியில் இளைப்பாற பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் வாயைத் திறந்தார்.

"தினமும் ரத்தத்துலதானே கை வைக்கிறே. இதைப் பார்க்கவா பயம்?"

"அது எல்லாம் முடிஞ்ச பிறகு வர்ற ரத்தங்க. இது கண்ணெதிர்ல வருது."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம் மடை திறந்த மாதிரி பேச்சு வந்தது. மழைச் சத்தம் உடம்பிலேயே விழுந்த மாதிரி இருந்ததாம். சமையல்காரியின் பேச்சில் ஒரு சொல் அதிகமில்லையாம். போலீஸ்காரன்தான் கொட்டாவி விடுகிற இடத்தில்கூடப் பிரசங்கம் செய்கிறானாம். நடுவில் வந்த பாட்டு, இழவு வீட்டில் ஊஞ்சல் கட்டின மாதிரியாம். முடிச்சை அவிழ்க்கிற இடத்தில் படம் வாயை மூடிக்கொண்டது பெரிய அநியாயமாம்.

"உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். அவளிடம் அவர் எதையும் இப்படிக் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது.

அவள் யோசித்துச் சொன்னாள். "நடுவுல எழுந்திருக்கத் தோணலைங்க, அவ்வளவு நல்லா எடுத்திருக்காங்க. ஆனா செத்தவளுக்காக ஒருத்தர்கூட அழலை. யார் கொன்னதுன்னு தேடுறாங்க. போனது யாருன்னு நினைக்கவே இல்லை. எனக்கு அதுதான் மனசுக்குள்ள கிடக்குது."

பஸ் வந்து ஆள் இறங்கியது. படம் பார்த்து வந்த யாரையாவது கேட்கட்டுமா என்றாள்.

"வேண்டாம். அடுத்தவன் சொல்லித் தெரிஞ்சு என்ன ருசி? நாளைக்கு உனக்கு எப்ப வேலை முடியும்?"

"மத்தியானத்தோட முடிஞ்சுரும். ஆனா என்னால அந்தக் கத்தியைப் பார்க்க முடியாதுங்க."

"கத்தி வர்றதுக்கு முந்தி வாத்தியம் மாறுது, நான் கேட்டேன். மாறினதும் உன் கையை அழுத்துறேன், மூடிக்கோ. விட்டதும் உடனே திறந்து மூஞ்சியைப் பார்த்துடணும்."

சரி என்றாள். வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையைத் தானே கழற்றி, தடவித் தடவி ஆணியைத் தேடி மாட்டினார். "இதைத் துவைக்கப் போட்டுடாதே" என்றார். "நாளைக்கும் வேணும்."