புவனா மிஸ்ஸின் மூன்றாவது கட்டம்

செவ்வாய்க்கிழமை காலை கந்தோரில் வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தேன். புவனேஸ்வரி மிஸ்ஸின் தம்பி அவர்கள் ஊரான கலஹாவிலிருந்து பேசினார். "அக்கா போயிட்டாங்க மிஸ்." நான் போனை வைப்பதற்குள் பக்கத்து மேசைக்காரர் கேட்டார்: "தானாவே செஞ்சுக்கிட்டாங்களா?"

இல்லை ஐயா. மாரடைப்பு. முப்பத்தொன்பது வயதில். உங்களுக்கும், இழவு வீட்டில் அதையே குசுகுசுத்தவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஆறு வருடங்களுக்கு முன் புவனா மிஸ் எங்கள் கண்டி அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்தார். அம்பிட்டியவில் அறை எடுத்துத் தங்கினார். வேலையில் கெட்டிக்காரர். பாசம் வைத்தால் உயிரையே கொடுப்பார். மறுநாள் அதே ஆளின் முகத்தில் விழிக்க மாட்டார். ஒருமுறை அவரை அழைக்காமல் நாங்கள் தேநீர் குடிக்கப் போனோம். திரும்பி வந்தால், என் பிறந்தநாளுக்கென்று அவர் பின்னிய பை என் மேசையில் துண்டு துண்டாகக் கிடந்தது. மாலைக்குள் நாற்பது குறுஞ்செய்திகள், பாதி திட்டு, பாதி மன்னிப்பு. நடிப்பு என்றோம். நானும்தான் சொன்னேன். வீட்டார் கோயிலில் நூல் கட்டினார்கள். கல்யாணம் முடித்துவைத்தால் சரியாகிவிடும் என்றார்கள்.

கடைசியில் மனநல கிளினிக்குக்கு அவராகவே போனார். எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்று டாக்டர் சொன்ன அன்று என்னிடம் வந்து சிரித்தார். "இதுக்கு ஒரு பேரு இருக்குங்க மிஸ். அப்போ நான் கெட்டவ இல்ல." யாராவது பதில் தரச் சற்றுத் தாமதித்தாலும், கைவிட்டுவிட்டார்கள் என்றே அவர் மனம் அடித்துச் சொல்லும். தோலுரிந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் பட்டாலும் எரியுமே, அப்படி.

வியாழன்தோறும் அரைநாள் லீவு போட்டுச் சிகிச்சைக்குப் போனார். மேலதிகாரி முனகாத வாரமில்லை. அங்கே பேச்செல்லாம் சிங்களத்தில். "பைல் சிங்களத்துல எழுதிருவேன். அழுகை தமிழ்லதானே வருது" என்பார். அதனால் கற்றதையெல்லாம் ஒரு கிளார்க்கின் புத்தியோடு, கொப்பியில் கோடு போட்டு, தமிழில் மூன்று கட்டங்களாக்கினார். நடந்தது. நான் நினைத்தது. வேறு காரணம் இருக்குமா? கோபம் வந்தால் முதலில் கட்டங்களை நிரப்புவார், பிறகுதான் போனைத் தொடுவார். இரண்டு வருடம் விடாமல் போனார். நாற்பது செய்தி ஒன்றாயிற்று: "நேத்து நீங்க பேசல. வேலையா, கோவமா?" இப்படி நேராகக் கேட்க நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கிளினிக்கில் காத்திருந்த தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கும் கட்டம் போடச் சொல்லிக்கொடுத்தார்.

போன ஞாயிறு நெஞ்சு வலிக்கிறது, இடது கை மரத்துப்போகிறது என்றார். நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மனநல கிளினிக்கில் கொடுத்த புத்தகத்தைக் காட்ட வேண்டாம் என்றேன். "மறைக்க என்னங்க இருக்கு? என்ன மருந்து குடிக்கிறேன்னு அவங்களுக்குத் தெரியணுமே" என்று நீட்டினார். இளம் டாக்டர் முதல் பக்கத்தைப் பார்த்ததும் சிரித்தார். ஈசிஜிகூட எடுக்கவில்லை. எல்லாம் மனசுதான், வீட்டுக்குப் போய்த் தூங்கு என்றார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இன்று இவ்வளவு பேசும் இந்த வாய் அன்று எங்கே போயிருந்தது?

அடக்கத்துக்குப் பிறகு தம்பி அந்தக் கொப்பியை என்னிடம் தந்தார். கடைசிப் பக்கம், ஞாயிறு மாலை எழுதியது.

நடந்தது: நெஞ்சு வலி. டாக்டர் சிரித்தார்.
நான் நினைத்தது: என்னை நம்பவில்லை.
வேறு காரணம் இருக்குமா: கூட்டம் அதிகம். அவருக்குக் களைப்பாக இருந்திருக்கும்.

தன் பேச்சை ஒரு நிமிடம் கேட்காதவருக்கும் அவர் காரணம் தேடியிருக்கிறார். வலிக்கு வேறு காரணம் இருக்குமா என்று அந்த மேசையில் ஒருவர் கேட்டிருந்தால் போதும். நோயாளி படித்த பாடத்தை டாக்டர் படிக்கவில்லை.

நான் அவரைப் போல நல்லவள் இல்லை. அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, அந்த டாக்டர்மேல் ஆஸ்பத்திரிக்கு எழுதிய முறைப்பாட்டுக் கடிதத்தோடு இணைத்துவிட்டேன். கலஹாவில் மழையில் ஊறிய செம்மண்ணை ஒரு பிடி அள்ளிப் போட்டுவிட்டு வந்தேன். அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன். உங்களுக்கு நெஞ்சு வலித்தது, புவனா மிஸ். உண்மையாகவே வலித்தது. போய் வாருங்கள்.