இரண்டு சிப் வைத்த கம்ப்யூட்டர்

எங்கள் ஸ்டுடியோ முதலாளி வீடியோ மிக்ஸிங் கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டை மூடியே வைத்ததில்லை. கல்யாண ஆர்டர் கொடுக்க யார் வந்தாலும் உள்ளே அழைத்துப்போய், ஒரே மதர்போர்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு புராசசர்களையும், அவற்றின்மேல் சுற்றும் இரண்டு ஃபேன்களையும் காட்டுவார். "ஊருக்கெல்லாம் ஒரு சிப்பு, நமக்கு ரெண்டு" என்பார். சென்னையில் ஏதோ ஓர் ஆபீஸ் கழித்துப்போட்ட போர்டு அது. அதைத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்த பெருமையில் கடைப் பலகையிலேயே "இரட்டை புராசசர் எடிட்டிங்" என்று எழுதிவிட்டார். கல்யாண வீடியோக்களை வெட்டி, பாட்டுச் சேர்த்து முடிப்பது என் வேலை. அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவரும் தங்கச்சி என்பார், கோபம் வந்தால் மட்டும் மேடம் என்பார்.

ஒரே சிப்புக்குள், தனித்தனியாகக் கணக்குப் போடும் மூளைபோல, இரண்டு கோர் வைத்து வரத் தொடங்கியிருந்த சமயம் அது. எங்கள் ஊரிலேயே பேகம்பூரில் எங்களைப் போலவே வீடியோ தொழில் செய்த பாய் அப்படி ஒன்றை வாங்கிப்போட்டு, எங்களைவிடச் சீக்கிரம் முடித்துக்கொடுத்தார். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "வீட்டுக்கு நடுவுல தட்டி வச்சு மறைச்சா ரெண்டு வீடாயிருமா?" என்று கிண்டல் செய்தார். "அப்பறம் நமக்கு ஏண்ணே இம்புட்டு நேரமாகுது?" என்று கேட்டேன். "எபெக்ட்டு அம்புட்டுப் போடுறோம்ல, மேடம்" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

அப்போதுதான் அகரத்தில் பூ விவசாயம் செய்யும் ஒரு வீட்டுக் கல்யாணம் வந்தது. பெண்ணின் அப்பா படுத்த படுக்கை. மண்டபத்துக்கே வர முடியவில்லை. மறுநாள் பெண்ணின் அம்மா ஸ்டுடியோவுக்கு வந்து நின்றார். "மக கழுத்துல தாலி ஏறுனத ஒருக்காப் பாத்துட்டாப் போதும்ங்கிறாரு. அத மட்டுமாவது குடுங்கய்யா" என்றார். டைட்டில், பிள்ளையார் படம், பாட்டு இல்லாமல் எங்கள் கடையிலிருந்து ஒரு கல்யாணமும் வெளியே போனதில்லை. அதை அண்ணன் விரதம்போலக் காத்துவந்தார். "வெறுமனே குடுத்தா நல்லாருக்காதுத்தா. ரெண்டு சிப்பு ஓடுது, நாளைக்குக் காலையில கையில இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்.

காலையில் பாதிகூட முடியவில்லை. வேலை எவ்வளவு முடிந்தது என்று திரையில் காட்டும் பச்சைக் கோடு நகர்வதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் அகரத்திலிருந்து போன் வந்தது. பெண்ணின் அப்பா போய்விட்டார். பிறகு டிவிடி வாங்கப் பெண்ணின் அண்ணன் வந்தான். ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. அவன் திட்டியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இன்று ஒற்றைச் சிப்புக்குள் எத்தனையோ கோர் வந்துவிட்டன. என் மகள் கையிலிருக்கும் போனே ஒரு கல்யாணத்தை வெட்டி ஒட்டிவிடுகிறது. போன மாதம் ஒரு விசேஷத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது அண்ணனைப் பார்த்தேன். ஆள் மெலிந்திருந்தார். நலம் விசாரித்து முடிந்ததும் அவராகவே அந்தப் பேச்சை எடுத்தார்.

"ரெண்டாவது சிப்பு ஓடவேயில்ல, தங்கச்சி. ஃபேன் மட்டுந்தான் சுத்துச்சு. நான் போட்டிருந்தது வீட்டுக்குப் போடுற விண்டோஸ். ஒரு சிப்புக்குள்ள ரெண்டு கோர் இருந்தா அது ஓட்டிரும், தனித்தனியா ரெண்டு சிப்பு வச்சா ஒண்ணத்தான் எடுத்துக்கிருமாம்."

"எப்பண்ணே தெரிஞ்சுச்சு?"

"அகரத்துக் கல்யாணத்துக்கு முன்னாடியே. அத மாத்திப்போடத் தெரிஞ்ச ஆளு நம்மூர்ல அந்த பாய்தான். பலகையில அப்படி எழுதிப்புட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவர்ட்டப் போறது?"

எனக்குக் கோபம் வந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. "கேமராவத் தூக்கிட்டுப் போயி அவங்க வீட்டு டிவியில மாட்டியாவது காட்டியிருக்கலாம்ண்ணே" என்றேன். அதற்கு எந்தச் சிப்பும் வேண்டியதில்லை.

"காட்டியிருக்கலாம்" என்றார். இலை போட்டுவிட்டார்கள் என்று யாரோ கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.