லிண்டால்வா உட்கார்ந்த நாள்

வெயிலுக்குப் பேர்போன எங்கள் புறநகரான பாங்கூவின் வழித்தட பஸ்ஸில் இருபத்தேழு ஆண்டுகள் ஓர் ஆட்சி நடந்தது. டிரைவருக்குப் பின்னால், சுழலும் இரும்புத் தடுப்பை ஒட்டி, ஒரு படி உயரத்தில் கண்டக்டர் சீட் இருந்தது. அதில் லிண்டால்வா வீற்றிருந்தார். சும்மா உட்கார்ந்திருந்தார் என்று எழுதினால் வரலாறு மன்னிக்காது. நூற்று முப்பத்தொரு கிலோ. சீட்டின் நான்கு விளிம்புகளையும் தாண்டிய ஆட்சி. அவர் முழங்காலை உரசாமல் யாரும் உள்ளே போனதில்லை. அதையும் கட்டணத்தில் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டோம். சீட்டுக்கு அவரே நூலில் பின்னிய மஞ்சள் உறை உண்டு.

மரியாதையாகத் தோனா லிண்டால்வா என்போம். காலை ஆறு பத்து வண்டியில் எள் விழ இடமிருக்காது. மேலிருந்து குரல் வரும்: "ஒரு அடி முன்னால, செல்லங்களா. பின்னால டான்ஸ் ஆடலாம், அவ்வளவு எடம் கிடக்கு." இல்லாத இடத்துக்கு நாங்கள் நகர்ந்தோம். அந்த சீட்டின் பார்வையில் இரண்டு கல்யாணங்கள் நிச்சயமாயின. ஒன்று முறிந்ததற்கும் அவரே சாட்சி. பிறந்தநாள் கேக்கைச் சிவப்பு விளக்கில் வெட்டி, பச்சை விழுவதற்குள் பரிமாறி முடிப்பார். அப்படி ஓடிய பஸ்களை இன்று நினைத்தால், வியர்வை நாற்றம்கூட இனிக்கிறது.

பிறகு சர்க்கரை வந்தது, முழங்கால் போனது. டாக்டர்கள் இரைப்பையைச் சுருக்கினார்கள். இரண்டு ஆண்டுகளில் ஐம்பத்தெட்டு கிலோ இறங்கியது. கொழுப்பு வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனது; திரைச்சீலைகளை மட்டும் கழற்றாமல் விட்டுப்போனது. தொடையிலும் பின்புறத்திலும் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. சீட்டில் உட்கார்ந்தால் மடிப்பு அடியில் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் கிள்ளும். பாங்கூ வெயிலில் அது புண்ணாகும். அரை மணி உட்கார்ந்தால் ஒரு மணி நிற்க வேண்டும் என்றானது. இளைத்தால் சொகுசாக உட்காரலாம் என்று சொன்னவர்களை அவர் பெயர் பெயராகத் தேடிக்கொண்டிருந்தார்.

தொடையையும் பின்புறத்தையும் தூக்கித் தைக்கும் அறுவைசிகிச்சைக்கு அரசு மருத்துவமனையில் பெயர் கொடுத்தார். கடற்கரைப் பக்கத்துச் சீமாட்டிகள் இதை எங்கள் நாட்டின் குளிர்காலமான ஜூலையில், தனியார் மருத்துவமனையில் முடித்துக்கொண்டு, மலைவாசம் போய்வந்ததாகச் சொல்லிக்கொள்வார்கள். அரசுப் பட்டியலுக்குப் பருவம் தெரியாது. நான்காண்டு காத்திருப்புக்குப் பிறகு, நிழலே நாற்பத்திரண்டு டிகிரி காட்டும் உச்சக் கோடையான ஜனவரியில் அழைப்பு வந்தது.

துணைக்குப் போனவர் அதெனிர். பதினெட்டு ஆண்டுகள் அவருக்கு முன்னால் உட்கார்ந்து ஓட்டிய டிரைவர். டாக்டர் ஃபபியானா சொன்னதை அவர் எங்களுக்கு ஒரு சொல் விடாமல் ஒப்பித்தார்.

"தொடையோட உள்பக்கம், இடுக்குலேர்ந்து முழங்கால் வரைக்கும் ஒரு தழும்பு வரும், தோனா. பின்னால இடுப்பைச் சுத்தி இன்னொண்ணு. மறையாது. ஒரு வருஷத்துல மங்கும்."

"தழும்ப யாரும்மா பாக்கப் போறா. மேல சொல்லு."

"உள்ள கசியற தண்ணி வெளிய வர சின்னக் குழாய் வெச்சிருப்போம், ஒரு வாரம் பத்து நாள்ல எடுத்துடலாம். வீக்கம் மாசக்கணக்குல இருக்கும். இடுக்குல தையல் அங்கங்க கொஞ்சம் விடலாம், பயப்படாம வந்து காட்டுங்க. இறுக்கமான உறை ஒண்ணு, இடுப்புலேர்ந்து முழங்கால் தாண்டி, ராத்திரி பகல் ரெண்டு மாசம் போட்டிருக்கணும்."

"பாங்கூவுல. ஜனவரில."

"ஆமா. சிகரெட் தொடக் கூடாது. மறுநாளே எழுந்து நடக்கணும், இல்லன்னா கால்ல ரத்தம் கட்டிக்கும்."

"நடக்கறேன். எப்ப உக்காரலாம்?"

"உங்களுக்கு எடுக்க வேண்டிய தோல் நெறைய. அதனால ஆறு வாரம் உக்காரக் கூடாது. குப்புறப் படுக்கலாம், நிக்கலாம்."

"ஏம்மா, நான் உக்கார்றதுக்காகத்தான் இத பண்ணிக்கறேன்."

"அதனாலதான் சொல்றேன். இப்ப உக்காந்தா தையல் பிரிஞ்சுடும். அப்புறம் உங்க சீட்ட நீங்க தூரத்துலேர்ந்துதான் பாக்கணும்."

அவர் பயந்தது அந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான்.

அறுவைசிகிச்சைக்கு ஐந்து மணி நேரம் ஆனது. நான்காம் நாள் அதெனிரின் பழைய வேனில் மெத்தை விரித்து, குப்புறப் படுக்கவைத்து அழைத்து வந்தோம். முகம் தலையணையில் புதைந்திருந்தது; தெரு தெரியவில்லை. ஆனாலும் வழி முழுக்கக் கீழேயிருந்து அறிவிப்பு வந்தது. "இது பள்ளிக்கூட மேடு... இது பேக்கரிப் பள்ளம். மெதுவா ஓட்டு அதெனிர், ஒனக்கு இன்னும் அத எறக்கத் தெரியல."

வீட்டில் தங்கை நில்சா முன்னேற்பாடு செய்திருந்தார். அக்காவுக்குச் சபலம் தட்டக் கூடாது என்று எல்லா நாற்காலிகளையும் மாதா கோவில் கூடத்துக்கு அனுப்பிவிட்டார். இஸ்திரிப் பலகையை உயர்த்தி வைத்து அதில்தான் சோறும் கறுப்பு பீன்ஸும். பார்க்கப் போன நாங்களும் கையில் காபியோடு நின்றோம். உட்கார ஒன்றுமில்லை என்பதை மரியாதை என்று சொல்லிக்கொண்டோம். சிறுநீரையும் அவர் நின்றபடியே, ஒரு பிளாஸ்டிக் புனலின் உதவியோடு கழித்தார். வரலாறு இதற்குமேல் அந்தப் புனலைப் பின்தொடராது.

பத்தாம் நாள் குழாய் கழன்றது. டாக்டர் சொன்னதுபோலவே இடுக்கில் ஓரிடம் விட்டது. மூன்று வாரம் கட்டு மாற்றினார்கள். சாயங்காலங்களில் நில்சா வீங்கிய கால்களை இதமாக நீவிவிட்டார். இறுக்க உறைக்குள் உடம்பு வெந்தது. லிண்டால்வா எல்லாவற்றையும் நாட்காட்டியில் கோடு போட்டுக் கடந்தார். ஒவ்வொரு கோடும் சீட்டை நோக்கி ஓர் அடி.

சீட் அப்போது அங்கே இல்லை. அறுவை நடந்த இரண்டாம் வாரமே, இனி டிரைவரே கட்டணம் வாங்குவார், கண்டக்டர்களுக்குக் கிடங்கில் வேறு வேலை என்று கம்பெனி அறிவித்து, திருகாணிகளைக் கழற்றிவிட்டது. தெரு முழுவதுக்கும் தெரியும். தெருவே வாயை மூடிக்கொண்டது. எங்கள் தெரு வாயை மூடியது அதுவே முதல் தடவை.

ஆனால் உட்கார முடியாதவர் என்ன செய்வார்? வாசலில் நிற்பார். முப்பத்தோராம் நாள், கட்டு நின்று முதல் தடவையாக அவர் வாசலுக்கு வந்தபோது, எதிரே பஸ் போனது. அன்று சாயங்காலம் அதெனிர் வந்தார்.

"என் சீட்டு எப்படி இருக்கு, அதெனிர்?"

"இருக்கு, தோனா. தொடச்சு வெச்சிருக்கேன்."

"காத்தயா தொடச்சு வெச்சிருக்க? அந்த எடத்துல ரெண்டு தடியனுங்க நின்னுக்கிட்டுப் போறானுங்க."

அதெனிர் காபிக் கோப்பைக்குள் பார்த்தார்.

"எப்ப எடுத்தாங்க?"

"ரெண்டாவது வாரம்."

"அப்ப நான் எதுக்குடா இன்னும் நின்னுக்கிட்டிருக்கேன்?"

லிண்டால்வா கையிலிருந்த கோப்பையை இஸ்திரிப் பலகையில் வைத்தார். "நில்சா, ஒரு நாற்காலி கொண்டா. இப்பவே உக்காந்துடறேன். தையல் பிரிஞ்சா பிரியட்டும்," என்றார். திரும்பிப் பார்த்தார். சமையலறையில் பார்த்தார். அந்த வீட்டில் பின்புறம் வைக்க ஒரு முக்காலிகூட இல்லை. டாக்டரின் ஐந்து மணி நேர உழைப்பை மாதா கோவில் கூடம் காப்பாற்றியது.

"இன்னும் பதினோரு நாள், தோனா," என்றார் அதெனிர்.

"எதுக்கு?"

"பொறுங்க. சொன்னா உங்க தங்கச்சி என்னைக் கொன்னுடுவா."

நாற்பத்திரண்டாம் நாள் காலையில் டாக்டர் தொட்டுப் பார்த்து, "உக்காரலாம். மொதல்ல பத்து நிமிஷம்," என்றார். வீடு திரும்பியபோது வாசலில் பழைய பயணிகள் நாங்கள் முப்பது பேர். கேட்டுக்கு உள்ளே, வாசல்படி பழுது என்று சொல்லி முந்தின வாரம் பூசிய சிமென்ட் மேடையில், ஒரு படி உயரத்தில் சீட். கிடங்கின் குப்பைக் குவியலிலிருந்து அதெனிர் கேட்டு வாங்கி வந்து, அடியில் ஸ்பிரிங் வைத்துப் பொருத்தியது. மஞ்சள் உறை அப்படியே இருந்தது. எங்களில் யாரோ துவைத்திருந்தார்கள்.

லிண்டால்வா சீட்டின் கைக்கம்பியைப் பிடித்தார். பின்புறத்தை ஓரமாக வைத்தார். பிறகு, அளவு பார்ப்பதுபோல், முழுக்க இறங்கினார்.

"கிள்ளல," என்றார்.

இரண்டு பக்கமும் மஞ்சள் உறை தெரிந்தது. அதை நாங்கள் முழுதாகப் பார்ப்பது அன்றுதான்; ஓரத்தில் பூக்கள்கூட இருந்தன. அவர் இரண்டு கையாலும் அந்த வெற்றிடத்தைத் தடவினார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா ஏதோ ஒண்ணு இல்ல," என்றார்.

அதெனிர் பின்னால் போய் சீட்டின் முதுகைப் பிடித்தார். மெல்ல, தையலுக்கு வலிக்காத அளவில், இடமும் வலமுமாக ஆட்டி, கடைசியில் சற்றே கீழே அழுத்தினார்.

லிண்டால்வா கண்ணை மூடியிருந்தார். "பேக்கரிப் பள்ளம்," என்றார். "இப்பவாவது எறக்கக் கத்துக்கிட்டியே."

பிறகு கண்ணைத் திறந்தார். முப்பது பேரும் கேட்டை அடைத்துக்கொண்டு நின்றோம். கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, குரலைச் சரிசெய்தார்.

"ஒரு அடி முன்னால, செல்லங்களா. உள்ள நெறைய எடம் கிடக்கு."

அவர் முழங்காலை உரசிக்கொண்டு, ஒவ்வொருவராக உள்ளே போனோம்.