ஓயூனா அக்காவுக்கு நான் தப்பாச் சொன்னது

ஓயூனா அக்கா போயிட்டாங்க. உடம்பு சரியில்லைன்னு மங்கோலியாவுக்கு, வீட்டுக்குப் போனவங்க... அங்கயே இறந்துட்டாங்கன்னு காலையில அவங்க ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்ல மெசேஜ்.

தெரியாதவங்களுக்கு: வாஷி பக்கம் ஒரு யுனிவர்சிட்டி, பல நாட்டுப் பசங்க படிக்கிற இடம். அக்கா அங்க பிஎச்டி. தமிழ்நாட்டுலேர்ந்து பிழைக்க வந்தவங்க இருக்கிற எங்க லேபர் கேம்ப்ல வீட்டுக்கு வீடு தண்ணி எப்படிப் பிடிச்சு வைக்கிறோம்னு ரிசர்ச் பண்ண வந்தாங்க.

நாங்க பேசுறதை இங்கிலீஷ்ல சொல்ல நான். நானும் பிஎச்டிதான்... பொய் ஹோல்சேல் டீலர்.

முதல் வீடு செல்வி சித்தி. டிரம்மை மூணு தட்டு தட்டிட்டுத்தான் சித்தி மூடியைத் திறந்தாங்க. எதுக்குன்னு அக்கா கேட்டாங்க.

"உள்ள எவ்வளவு கெடக்குன்னு பாக்கேன். வேற என்னத்துக்குட்டி?"

நான் இங்கிலீஷ்ல சொன்னது: "செத்துப்போனவங்க தண்ணி குடிக்க வருவாங்களாம். தட்டி, அவங்க பேரைச் சொல்லிட்டுத்தான் திறக்கணுமாம்."

சும்மாதான்... போர் அடிச்சுது. அக்கா கண்ணை விரிச்சு அத்தனையும் எழுதினாங்க. "எங்க ஊர்ல வானத்துக்குப் பால் தெளிப்போம்"னாங்க. நான் துப்பட்டாவை வாயில வச்சு அமுக்கிட்டு நின்னேன்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை ஹாஸ்டலுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாங்க. அங்க வாரம் ஒரு நாட்டுச் சமையல். அன்னைக்கு அக்கா முறை... ஆட்டுக்கறி வச்ச கொழுக்கட்டை. காமன் ரூம் ஃபுல்லா ஆளு, பாட்டு, சத்தம்.

அக்கா தண்ணி பிடிக்கப் போனாங்க. ஃபில்டரை மூணு தட்டு. மெதுவா ஒரு பேர்.

"யாருக்கா அது?"

"என் தம்பி. ஆத்துல போயிட்டான். அவன்கிட்ட பேச ஒரு வழி கிடைச்சுது." சித்திகிட்ட கத்துக்கிட்ட 'ட்டி'யையும் சேர்த்து, "தேங்க்யூட்டி."

அப்பவே சொல்லியிருக்கணும். கொழுக்கட்டையைத் தின்னுட்டு டிரெயின் ஏறிட்டேன்.

இன்னைக்கு குரூப்ல ஒரு வீடியோ. ஹாஸ்டல் பசங்க வரிசையா நின்னு அதே ஃபில்டரைத் தட்டுறாங்க. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க நாக்குல... ஓயூனா. ஓயூனா. ஓயூனா.

சவுண்டை ஆஃப் பண்ணிட்டேன். இன்னும் கேக்குது.

கீழேயே அவங்க ரூம்மேட் நேபாள அக்காவோட மெசேஜ்: "ஓயூனா எழுதினதை டிபார்ட்மென்ட்ல புக்கா போடறாங்க. ரெக்கார்டிங் அனுப்பியிருக்கேன். தமிழை நீ இங்கிலீஷ்ல சொன்னது சரிதானான்னு ஒரு தடவை பாத்துடு."

போட்டுக் கேட்டேன். சித்தி குரல். என் குரல். அடக்க முடியாம நான் லேசாச் சிரிக்கிறது. அதுக்கு மேல அக்காவோட பேனா ஓடுற சத்தம்... நிக்காம ஓடுது.

சித்தி சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். மத்தது என் பொய்ன்னு என் பேரைப் போட்டு அனுப்பிட்டேன்.

ப்ளூ டிக் வந்துடுச்சு. நேபாள அக்கா டைப் பண்றாங்க... நிறுத்துறாங்க... மறுபடி டைப் பண்றாங்க.

உங்ககிட்ட சொல்லாததை அவங்ககிட்ட சொல்லிட்டேன் ஓயூனாக்கா.

போயிட்டு வாங்க.