உயிருள்ளவை, உயிரற்றவை

கொய்யா இலையை விரலால் கசக்கினால் ஒரு பச்சைத் துவர்ப்பு மூக்கில் ஏறும். வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளில், மதில் தாண்டித் தொங்கும் கொய்யாக் கிளைகள் இன்னும் ஒன்றிரண்டு மிச்சம். போன கிழமை அப்படி ஒன்றைக் கடந்தபோது கை தானாகப் போய்ப் பறித்தது, கசக்கியது. அவ்வளவுதான். நான் ஆறாம் வகுப்பில், சாப்பாட்டு மேசையில், விஞ்ஞானக் கொப்பியை விரித்து உட்கார்ந்திருந்தேன்.

ரீச்சர் தந்த வேலை, பத்து இலைகளைச் சேர்த்து ஓர் இணைக்கவர்ச் சுட்டி செய்வது. ஒரு கேள்வி, ஆம் என்றால் இந்தப் பக்கம், இல்லை என்றால் அந்தப் பக்கம். விளிம்பு வெட்டுப்பட்டதா? கசக்கினால் மணக்குமா? கிளை பிரிந்து பிரிந்து, கடைசியில் ஒவ்வொரு இலையும் தனியாக நிற்க வேண்டும். இரண்டு சேர்ந்து நின்றால் சுட்டி பிழை. உலகத்து உயிர்களை விஞ்ஞானிகள் இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் அடையாளம் காண்கிறார்கள் என்றார் ரீச்சர். எனக்கு அது பைத்தியமாகப் பிடித்துவிட்டது. இலைகள் முடிந்தன, ஆசை முடியவில்லை. அடுத்த பக்கத்தில் வீட்டை எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் அப்பா, அம்மா, மாமி, நான். சுவரில் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. மாமிக்கும் அவருக்கும் கலியாண நாள் குறித்த பிறகு, ஒரு காலை புறக்கோட்டைக்கு வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. தேடுவதற்கென்று எங்கள் வீட்டுக்கு வந்த மாமி நான்கு வருடமாக எங்களோடு. தாலி ஏறாமலே மாமி. அவரைத் தேடி ஏறாத அரச கந்தோர்ப் படி இல்லை, படத்தை நீட்டாத ஆள் இல்லை. சுவரிலிருந்த படத்துக்கு மட்டும் மாலை போட அவர் விட்டதில்லை.

"என்னை எந்தக் கிளையில போட்டிருக்கிறீர்?" அப்பா கதிரையிலிருந்தபடியே கேட்டார்.

"மீசை உள்ள கிளையில."

"அவரைத் தாவரத்துக்க போடு பிள்ளை" என்றார் அம்மா, குசினிக்குள்ளிருந்து. "ஞாயிற்றுக்கிழமையில அசையிறேல்ல."

மாமி சிரித்தார். சிரித்துக்கொண்டே, தேங்காய் துருவிய கையோடு வந்து, என் தோளுக்கு மேலால் குனிந்தார்.

முதற்கேள்வி புத்தகத்தில் இருந்ததுதான். உயிருள்ளதா? ஆம் என்ற பக்கம் நாங்கள் நால்வர். இல்லை என்ற பக்கம் மாமா. என் சிநேகிதிகளின் வீடுகளில் சுவரில் இருந்தவர்கள் எல்லாரும் செத்தவர்கள்; நான் கண்டதை வைத்துப் பிரித்தேன். பிறகு, மீசை உண்டா? அப்பா. பள்ளிக்கூடம் போகிறதா? நான். கலியாணம் முடித்ததா? ஆம், அம்மா. இல்லை, மாமி. கிளை நுனியில் மாமி தனியாக, அழகாக நின்றார். சுட்டி சரி.

"குஞ்சு, மாமா ஏன் அங்க?" என்று கேட்டார் மாமி.

"அவர் படம்தானே."

"அழியுங்கோ."

"அழிச்சா எந்தப் பக்கம் போடுறது?"

 மாமி அழிறப்பரை எடுத்து அவரே தேய்த்தார். தேய்த்தார், தேய்த்தார், தாள் கிழிந்தது. நான் பெரிதாக அழுதேன், தாளுக்காக.

அம்மா வந்தார். அடி விழப்போகிறது என்று தோளைக் குறுக்கினேன். அம்மா கிழிசலைப் பார்த்தபடி நின்றார்.

"பிள்ளை எழுதினதில என்ன பிழை?" என்றார். பிறகு, தணிந்த குரலில், "எனக்கும் அவன் தம்பிதான். எத்தினை நாளைக்கு இப்பிடியே இருக்கிறது?"

அந்த வீட்டில் அதுவரை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாதது. அப்பா பேப்பரை மடித்து மடியில் வைத்தார். ஒழுங்கைக் கோடியில் ரயில் ஒன்று கடந்து போனது.

"அப்ப இந்த வீட்டில நான் ஆர், மச்சாள்?" என்று மாமி கேட்டார்.

அம்மா கொப்பியை மூடி வைத்தார்.

ரீச்சர் இலைகளுக்கு மட்டும் பத்துக்கு ஒன்பது புள்ளி போட்டார். கிழிந்த பக்கத்தில், மனிதர் எல்லோரும் ஒரே இனம், பிரிக்கத் தேவையில்லை என்று சிவப்பு மையால் எழுதியிருந்தார். அதற்குள் மாமிக்குக் கொட்டாஞ்சேனையில் தையல் கடையொன்றில் வேலை கிடைத்துவிட்டது, கடைக்கு மேலேயே அறையும் இருக்கிறதாம் என்று வீட்டில் கதைத்தார்கள். நல்ல விஷயம் என்றே நினைத்தேன். ஆம் என்றும் இல்லை என்றும் சொல்ல முடியாத ஒரு கேள்விக்குள் ஒருவர் நான்கு வருடம் குடியிருக்க முடியும் என்பதோ, அந்த இடத்தைவிட்டு அவரை எழுப்பியது என் பென்சில்கோடு என்பதோ அந்த வயதில் எனக்குத் தெரியாது.

வெள்ளவத்தைக் காலி வீதியில் பஸ் நிறுத்தத்துக்கு நான்தான் கூடப் போனேன். பஸ் வந்து நின்றது. மாமி பெட்டியை ஏற்றிவிட்டு, படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பிக் குனிந்தார்.

"மாமா வந்தா, நான் கொட்டாஞ்சேனையில நிக்கிறன் எண்டு சொல்லுங்கோ குஞ்சு. நீங்கள்தான் சொல்லவேணும்."

"ஓம் மாமி. வந்த உடன சொல்லுறன்."